திரையில் 4,100 லாபம், கணக்கில் 7,300 நஷ்டம்

கேள்வி: டர்பன் பீனிக்ஸில் வசிக்கிறேன், வயது 54. காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அக்கா மகன் சொல்லி, கிரிப்டோ நாணயங்களைத் தானாகவே வாங்கி விற்கும் ஒரு சேவையில் மூன்று மாதங்களுக்கு முன் சேர்ந்தேன். 60,000 ராண்ட் போட்டேன். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையிலிருந்து, அதாவது ஓய்வுக்கு முன்பே எடுக்க அனுமதிக்கும் பகுதியிலிருந்து, எடுத்தது. பணம், கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தைத் தளமான எக்ஸ்சேஞ்சில் என் பெயரிலுள்ள கணக்கிலேயே இருக்கிறது. தானியங்கிக்கு ஒரு சாவி மட்டும் கொடுத்திருக்கிறேன். அதன் திரையில் 4,100 ராண்ட் லாபம் என்று பச்சையில் காட்டுகிறது. எக்ஸ்சேஞ்ச் கணக்கைத் திறந்தால் மொத்த மதிப்பு 52,700 ராண்ட்தான். எது உண்மை? எல்லாப் பொறுப்பும் பயனருடையதே என்று சேவையின் விதிமுறைகளில் இருக்கிறது. அது செல்லுமா? இப்போது வாட்ஸ்அப் குழுவில், பணத்தை அவர்களுடைய ‘பொது நிதி’க்கு மாற்றினால் மாதம் 8 சதவீதம் உறுதி என்கிறார்கள். இதற்கிடையில் கோயில் கமிட்டியில் என்னோடு இருப்பவர் 25,000 ராண்ட் கொடுத்து, “உங்கள் கணக்கிலேயே சேர்த்து ஓட்டுங்கள்” என்றார். அந்தப் பணத்தை இன்னும் தொடவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அங்கேதான் இருக்கிறது. நண்பரின் 25,000 ராண்டை உங்கள் கணக்கில் போடாதீர்கள். பொது நிதிக்கு ஒரு சென்ட் கூட மாற்றாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்ட இரண்டு தொகைகளும் உண்மைதான். எக்ஸ்சேஞ்ச் முழுக் கணக்கைச் சொல்கிறது. தானியங்கி தனக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்கிறது. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால், உங்களிடம் ஓடுவது ‘கிரிட்’ வகைத் தானியங்கி. மேலே ஒரு விலை, கீழே ஒரு விலை என்று எல்லை வகுத்து, இடையில் படிக்கட்டு போலக் கோடுகள் போட்டுக்கொள்ளும். விலை ஒரு படி இறங்கினால் கொஞ்சம் வாங்கும். ஒரு படி ஏறினால் வாங்கியதை விற்கும். ஒரு ஜோடி முடிந்ததும் சில ராண்ட் லாபம் என்று எழுதிக்கொள்ளும். உங்கள் 4,100 என்பது முடிந்த ஜோடிகளின் கூட்டுத்தொகை.

முடியாத ஜோடிகள் எங்கே? சந்தை இறங்கிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு படியிலும் வாங்கியது விற்கப்படாமல் கையில் தங்கிவிடும். உங்கள் கணக்கில் அப்படித் தங்கிய நாணயங்களின் மதிப்பு 11,400 ராண்ட் குறைந்திருக்கிறது. 4,100 வரவு, 11,400 சரிவு, நிகரமாக 7,300 குறைவு; 60,000 போய் 52,700 நிற்கிறது. திரையைச் சற்றுக் கீழே தள்ளிப் பாருங்கள். ‘நிலுவை லாப நஷ்டம்’ என்ற பொருளில் இன்னொரு எண் சிறிய எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தில் எதை வைப்பது, சிறிய எழுத்தில் எதை வைப்பது என்பதை முடிவு செய்வது சந்தாப் பணம் வாங்குகிறவர் என்பதை மறக்க வேண்டாம்.

சந்தை ஏறினாலும் இந்த வகைக்குப் பெரிய கொண்டாட்டம் இல்லை. மேல் எல்லையைத் தாண்டிவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். விலை ஓர் எல்லைக்குள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் இதற்கு வேலை. அந்தக் காலம் எப்போது முடியும் என்று தானியங்கிக்குத் தெரியாது. அதை எழுதியவருக்கும் தெரியாது.

கட்டணத்தையும் ஒரு முறை எழுதிப் பாருங்கள். வாங்கவோ விற்கவோ போடும் ஒவ்வொரு உத்தரவும் 3,000 ராண்ட், வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடிக்கு 6 ராண்ட். நாளொன்றுக்கு 15 ஜோடி ஓடினால் 90 ராண்ட், மாதத்தில் 2,700 ராண்ட். 60,000 ராண்ட் முதலுக்கு அது 4.5 சதவீதம். நீங்கள் லாபமே பார்க்காத மாதத்திலும் எக்ஸ்சேஞ்ச் அதை எடுத்துக்கொள்ளும். சேவையின் சந்தா அதற்கு மேல். உங்கள் எக்ஸ்சேஞ்சின் உண்மையான விகிதத்தைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள். தானியங்கி காட்டும் லாபம் கட்டணத்தைக் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இனி விதிமுறைகள். ‘எல்லாப் பொறுப்பும் பயனருடையது’ என்ற வரியைப் படித்து நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான், ஆனால் அது எல்லாச் சேவைகளிலும் இருக்கும் வரி. அதன் உள்ளே என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நான் படித்த இத்தகைய ஒப்பந்தங்களில் பொதுவாக இவை இருக்கும்: நாங்கள் ஆலோசகர் இல்லை, கருவி மட்டுமே தருகிறோம், அமைப்புகளைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், எக்ஸ்சேஞ்ச் முடங்கினாலோ உத்தரவு தாமதமானாலோ எங்களைக் கேட்காதீர்கள், உங்கள் நாட்டில் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா என்று பார்ப்பதும் வரி கட்டுவதும் உங்கள் வேலை, எங்கள் தவறே ஆனாலும் நீங்கள் கட்டிய சந்தாவுக்கு மேல் இழப்பீடு கிடையாது, வழக்கு என்றால் நாங்கள் பதிவு செய்திருக்கும் தீவின் நீதிமன்றத்துக்கு வாருங்கள்.

நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கடும் கவனக்குறைவிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளும் விதியைப் பொதுவாக ஏற்பதில்லை. ஏட்டில் அது நல்ல பாதுகாப்பு. நிறுவனத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் ஓர் அலுவலகமோ சொத்தோ இல்லாவிட்டால், அந்த ஏட்டை எங்கே கொண்டுபோய்க் காட்டுவீர்கள்?

ஆகவே நடைமுறையில் ‘பொறுப்பு பயனருடையது’ என்ற அந்த வாசகம் செல்லும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தானியங்கி இரவு இரண்டு மணிக்குப் போட்ட உத்தரவும் நீங்கள் கையால் போட்ட உத்தரவும் எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்றுதான். வரித்துறைக்கும் ஒன்றுதான். “நான் தூங்கிக்கொண்டிருந்தேன்” என்பது யாரிடமும் எடுபடாது. உங்கள் அக்கா மகன் பணம் உங்கள் கணக்கிலேயே இருப்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்திருக்கலாம். பணம் இருக்கும் இடம் உங்களுடையது, உண்மை. அதைச் செலவழிக்கும் முடிவை நீங்கள் கைமாற்றிவிட்டீர்கள். முடிவு போன பிறகும் பொறுப்பு மட்டும் உங்களிடமே நிற்கிறது. இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ள ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும்: தானியங்கி எப்போது வாங்கும், எப்போது விற்கும், எப்போது நிறுத்திக்கொள்ளும் என்று காகிதத்தில் நான்கு வரியில் உங்களால் எழுத முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நீங்கள் அதன் பயனர் இல்லை, அதற்குப் பணம் கொடுப்பவர் மட்டுமே.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். தானியங்கி உங்கள் கணக்கை இயக்க நீங்கள் கொடுத்த சாவிக்கு ஏபிஐ சாவி என்று பெயர். அதில் மூன்று அனுமதிகள் தனித்தனியாக உண்டு: கணக்கைப் பார்ப்பது, வாங்கி விற்பது, பணத்தை வெளியே எடுப்பது. மூன்றாவது அனுமதியை எந்தச் சேவைக்கும் கொடுக்கக் கூடாது. தானியங்கிக்கு அது தேவையே இல்லை. எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் போய் அந்தக் கட்டம் டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். குறிப்பிட்ட இணைய முகவரிகளிலிருந்து மட்டுமே சாவி வேலை செய்யும்படி பூட்டும் வசதியும் இருக்கும். சேவை தன் முகவரிகளை வெளியிட்டிருந்தால் அதையும் போடுங்கள்.

பணம் எடுக்கும் அனுமதி இல்லை, ஆகவே திருடன் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்புக்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். திருடன் முதலில் அதிகம் பேர் வாங்காத ஒரு நாணயத்தைத் தன் கணக்கில் மலிவாக வாங்கி வைப்பான். பிறகு உங்கள் சாவியால் உங்கள் பணம் முழுவதையும் கொண்டு அதே நாணயத்தை ஏற்றிய விலைக்கு வாங்குவான், விற்பது அவன்தான். உங்கள் கணக்கிலிருந்து ஒரு ராண்ட் கூட ‘வெளியே எடுக்கப்படவில்லை’. ஆனால் கையில் இருப்பது யாருக்கும் வேண்டாத நாணயம். த்ரீகாமாஸ் என்ற பெரிய தானியங்கிச் சேவையின் பயனர்கள் 2022இல் தாங்கள் போடாத உத்தரவுகளால் பணம் போயிற்று என்று புகார் செய்தார்கள். போலி இணையதளத்தில் சாவியைக் கொடுத்து ஏமாந்திருப்பீர்கள் என்ற பதிலே அவர்களுக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஏறக்குறைய 1,00,000 சாவிகள் இணையத்தில் வெளியான பிறகுதான் கசிவை நிறுவனத்தின் தலைவர் ஒப்புக்கொண்டார். சாவியைச் சில மாதங்களுக்கு ஒரு முறை அழித்துப் புதிதாக உருவாக்குவது நல்ல பழக்கம்.

கடன் வாங்கிப் பந்தயத்தைப் பெருக்கும் லெவரேஜ் வசதி உங்கள் தானியங்கியில் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். 2025 அக்டோபர் 10 அன்று சந்தை திடீரென்று சரிந்தபோது, ஒரே நாளில் 1,900 கோடி டாலருக்கும் அதிகமான லெவரேஜ் பந்தயங்கள் வலுக்கட்டாயமாக முடித்துவைக்கப்பட்டன. அவற்றில் பல, உரிமையாளர் எழுந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டன. நமக்கு இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. தானியங்கி ஓடுவது எங்கோ ஒரு சர்வரில். டர்பன் அடங்கிய ஈதெக்வினி மாநகராட்சியில் மின்சாரம் போய், கூடவே செல்போன் கோபுரமும் படுத்துவிட்டால், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்த வேண்டிய உங்கள் கை மட்டும் இருட்டில் இருக்கும். அதனால் நஷ்டம் இவ்வளவுக்கு மேல் போனால் விற்றுவிடு என்ற ஸ்டாப் லாஸ் எல்லை முன்கூட்டியே போடப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

பொது நிதி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் முடிவை நம் நாடு ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டது. ஸ்டெலன்போஷில் இருந்து நடந்த மிரர் ட்ரேடிங் இன்டர்நேஷனலும் தானியங்கியின் பெயரைச் சொல்லித்தான் பணம் திரட்டியது. பிட்காயினைக் கொடுங்கள், எங்கள் ரோபோ வர்த்தகம் செய்யும், மாதம் 10 சதவீதம் வரை வரும், ஆளைச் சேர்த்தால் கூடுதல் பங்கு. எஃப்எஸ்சிஏ எனப்படும் நிதித்துறை நடத்தை ஆணையம் 2020 ஆகஸ்டில், பணத்தைத் திரும்பக் கேளுங்கள் என்று மக்களை வெளிப்படையாகவே எச்சரித்தது. அதன் பிறகும் ஆட்கள் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் தலைவர் யோஹான் ஸ்டெய்ன்பெர்க் நாட்டை விட்டே போய்விட்டார். ஓராண்டு கழித்து பிரேசிலில் பிடிபட்டார். மக்களிடமிருந்து திரட்டியதாக அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் வழக்கில் சொல்லப்பட்ட அளவு 29,421 பிட்காயின். 2023 ஏப்ரலில் அங்குள்ள நீதிமன்றம் 170 கோடி டாலருக்கு மேல் இழப்பீடும் அதே அளவு அபராதமும் விதித்தது. அந்தப் பணம் மக்களுக்கு முழுதாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று அந்த ஆணையமே எச்சரித்தது.

பலருக்குத் தெரியாத பின்கதை ஒன்று உண்டு. அதே 2023 ஏப்ரலில் வெஸ்டர்ன் கேப் உயர் நீதிமன்றம் அந்தத் திட்டமே சட்டவிரோதம், அதன் ஒப்பந்தங்கள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. திவால் கணக்கை முடிக்க நியமிக்கப்பட்டவர்கள், போட்டதைவிட அதிகம் எடுத்தவர்களிடம் அதைத் திருப்பிக் கேட்டு வரத் தொடங்கினார்கள். “நான் சீக்கிரமே லாபம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னவர்களும் தப்பவில்லை.

உங்கள் வாட்ஸ்அப் குழுவின் 8 சதவீதத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தை மாதா மாதம் ஒரே விகிதத்தில் பணம் தராது. அதனால் அதில் வர்த்தகம் செய்யும் எந்த இயந்திரமும் தர முடியாது. இன்று நீங்கள் வைத்திருக்கும் சேவை சுமாரானதாகவே இருந்தாலும், பணம் உங்கள் பெயரில் இருக்கிறது, நினைத்தபோது சாவியை அழிக்கலாம். பொது நிதிக்கு மாற்றிய கணமே அந்த ஒரே பாதுகாப்பும் போய்விடும். முதலில் சாவியைக் கேட்டுப் பழக்கி, பிறகு பணத்தையே கேட்பது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது.

உரிமத்தையும் சரிபாருங்கள். 2022 அக்டோபரிலிருந்து கிரிப்டோ சொத்து நம் நாட்டில் நிதிப்பொருள் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது தொடர்பான சேவையை இங்குள்ளவர்களுக்குத் தொழிலாக வழங்குபவருக்கு எஃப்எஸ்சிஏ உரிமம் வேண்டும். உரிம விண்ணப்பங்கள் 2023 ஜூனில் தொடங்கின. வாடிக்கையாளர் பணத்தைத் தன் விருப்பப்படி முதலீடு செய்ய இரண்டாம் வகை உரிமம் தேவை. எஃப்எஸ்சிஏ இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, என்ன வகை உரிமம், எந்தப் பொருளுக்கு என்று பாருங்கள். குழுவில் அனுப்பப்பட்ட சான்றிதழ் படத்தை நம்பாதீர்கள். வேறு ஒருவருடைய உரிம எண்ணை ஒட்டிப் போடுவது சர்வசாதாரணம். நிறுவனப் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் அது உரிமமே ஆகாது. உரிமம் இருந்தாலும் நஷ்டத்துக்கு அது காப்பீடு இல்லை. வங்கியில் போட்ட பணத்துக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 ராண்ட் வரை வைப்புக் காப்பீடு உண்டு. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கிரிப்டோவுக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

நண்பரின் பணம்: அவர் உங்களை நம்பிக் கொடுத்தார், சேவையை ஆராய்ந்து பார்த்துக் கொடுக்கவில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் பக்கத்தில் நின்று கூழ் கிளறியவர் சொன்னால் நம் ஆட்கள் மறு கேள்வி கேட்பதில்லை. மோசடிக்காரர்கள் கோயிலையும் சர்ச்சையும் தேடி வருவதற்குக் காரணம் அதுதான். உங்கள் கணக்கில் அவர் பணம் கலந்தால் எக்ஸ்சேஞ்ச் விதியை மீறுகிறீர்கள். லாபம் முழுவதும் உங்கள் பெயரில் வரிக்கு வரும். நஷ்டம் யாருடையது என்று பிரிக்க வழி இருக்காது. ஒரு நண்பருக்கு ஒரு முறை செய்தது தொழில் ஆகாது என்று வாதாட இடமிருக்கலாம். அவரைப் பார்த்து இன்னும் இருவர் வந்து, நீங்களும் லாபத்தில் ஒரு பங்கு எடுக்கத் தொடங்கினால், உரிமம் இல்லாமல் நிதிச்சேவை நடத்தியவர் ஆகிவிடுவீர்கள். அதற்குச் சட்டத்தில் 1 கோடி ராண்ட் வரை அபராதமும் 10 ஆண்டு வரை சிறையும் இருக்கின்றன. பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள், ‘25,000 திருப்பிக் கொடுத்தது’ என்று குறிப்பும் போடுங்கள். மனத்தாங்கல் வந்தால் இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் வருமான வரியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரிப்டோவுக்கு வழக்கமான வருமான வரி விதிகளே பொருந்தும் என்று நம் வரித்துறையான சார்ஸ் 2018இலேயே தெளிவுபடுத்திவிட்டது. நாளெல்லாம் வாங்கி விற்கும் தானியங்கியை வைத்துக்கொண்டு, இது நீண்டகால முதலீடு, மூலதன ஆதாயமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது கடினம். சாதாரண வருமானமாகவே பார்ப்பார்கள். ஒவ்வொரு விற்பனையும் தனிக் கணக்கு. முடிந்த ஜோடிகளில் வந்த 4,100 ராண்ட் இப்போதே வருமானம். கையில் தங்கிய நாணயங்களின் 11,400 சரிவை, விற்காத வரை கழிக்க முடியாது. அதாவது மொத்தத்தில் 7,300 நஷ்டத்தில் இருக்கும் நீங்கள் வரி கட்ட வேண்டிவரலாம். எனக்கும் இது பிடிக்கவில்லை, ஆனால் பிப்ரவரி கடைசியில் வரி ஆண்டு முடியும்போது இப்படித்தான் எழுதுவோம். பதிவுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். சேமிப்புப் பானையிலிருந்து எடுத்த தொகைக்கு உங்கள் வருமான விகிதத்தில் வரி பிடித்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம் என்பதால் அடுத்த ஆண்டும் எடுத்து இதில் போடும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். 54 வயதில் அந்தப் பானையை மறுபடி நிரப்ப உங்களுக்கு அதிக ஆண்டுகள் இல்லை.

அக்கா மகனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைச் சேர்த்ததற்கு அவருக்குப் பரிந்துரைக் கமிஷன் வந்ததா என்று மட்டும் நேராகக் கேளுங்கள். வந்திருந்தால் அவர் சொல்வதை விற்பனையாளர் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

என் கருத்து கேட்டால், நிறுத்துங்கள். நிறுத்தும்போது பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். ‘எல்லாவற்றையும் விற்று நிறுத்து’, ‘நாணயங்களை வைத்துக்கொண்டு நிறுத்து’ என்று இரண்டு தேர்வு வரும். முதலாவதை அழுத்தினால் அந்த நொடியின் விலைக்கு எல்லாம் போய்விடும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள், எதை விற்பது, எதை வைப்பது என்று பிறகு நீங்களே யோசித்து முடிவு செய்யலாம். அடுத்து எக்ஸ்சேஞ்சில் நிலுவையில் கிடக்கும் உத்தரவுகளை ரத்து செய்யுங்கள். தானியங்கியிலிருந்தும் எக்ஸ்சேஞ்சிலிருந்தும் முழு வர்த்தகப் பதிவையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். கணக்கை மூடிய பிறகு சில சேவைகளில் அது கிடைக்காது. அதற்குப் பிறகு சாவியை எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் அழியுங்கள். சேவையின் திரையில் ‘துண்டி’ என்று அழுத்துவது மட்டும் போதாது, அவர்களிடம் சாவியின் நகல் இருக்கும். மாதச் சந்தா உங்கள் வங்கி அட்டையிலிருந்து தனியாகப் போய்க்கொண்டிருக்கும். சாவி அழிந்தாலும் அது நிற்காது. அதைத் தனியே ரத்து செய்து, ரத்தானதாக வரும் மின்னஞ்சலை வர்த்தகப் பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.